குறைக்கு ஒரு கிரேக்கப் பெயர்

அவர் பொய் சொல்ல மாட்டார். அவர்மேல் எனக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான். ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் பேசி முடிக்கிற மனிதர் பொய் சொல்லாமல் எப்படிக் காலத்தை ஓட்ட முடியும்? கத்தரிக்காய் விற்கிறவரே நல்ல காயை மேலே அடுக்கி, சொத்தையை அடியில் தள்ளித்தான் விற்கிறார். இவர் கையில் இருந்ததோ பையன்களும் பெண்களும்.

எங்களுக்கு அவர் மாமா முறை. எந்த வழியில் மாமா என்று கேட்டால், “சுத்தி வந்தா சொந்தம்தான்” என்பாள் அம்மா. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பாதிச் சைவ வீடுகளுக்கு அவர் அப்படிச் சுற்றி வந்த சொந்தம். வாலிபத்தில் கொஞ்ச காலம் மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தாராம். அந்த வேலையில் அவருக்கு மிஞ்சியது ஒரு தோல் பையும், டாக்டர் கூப்பிடும்வரை வெளியே உட்கார்ந்து படித்த புத்தகங்களிலிருந்து பொறுக்கிய வார்த்தைகளும்தான். பையின் ஜிப் போய்விட்டதால் ஊக்கு குத்தியிருப்பார். உள்ளே ஜாதகங்கள் இருக்கும். முடித்துவைத்த கல்யாணத்துக்கு ஒரு வேட்டி துண்டு தவிர எதையும் வாங்க மாட்டார். சும்மா உதவி செய்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

என் வேலையும் சந்தேகப்படுகிற வேலைதான். நான் ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில் இருக்கிறேன். “வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன்” என்று ஒருவர் சொன்னால், சட்டையில் சட்னி சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். பாதிப் பேர் சட்டையில் சட்னி இருக்கும்.

மாமாவின் தொழில்முறை இதுதான். பையனிடம் உள்ள நல்லதையெல்லாம் நல்ல தமிழில் சொல்வார். நிறுத்தி, பைய, கேட்கிறவர் மனசில் படிகிற மாதிரி சொல்வார். குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இங்கிலீஷுக்கு மாறுவார். அது கடைத்தெருவில் புழங்குகிற இங்கிலீஷ் இல்லை. கிரேக்க தேசத்திலிருந்து கிளம்பி வந்து டாக்டர் புத்தகங்களுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்ட வார்த்தைகள். இரண்டு நல்ல விஷயங்களுக்கு நடுவே அதைச் செருகுவார். சொல்லும்போது குரல் தாழாது, திக்காது. சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாமல் எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது அர்த்தம் கேட்டால் சொல்லிவிடுவார் என்றுதான் தோன்றும். ஆனால் எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். படித்த குடும்பம் என்று பெயர் எடுத்துவிட்டு, தரகரிடம் போய் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது எவ்வளவு பெரிய கௌரவக் குறைச்சல்.

அக்காவுக்கு அவர் மாப்பிள்ளை கொண்டுவந்த அன்று நான் கேசரித் தட்டோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“பையன் தங்கம் அத்தான். வீட்டுல பெரியவங்க பேச்சைத் தட்ட மாட்டான். கொஞ்சம் ஓனியோமேனியா உண்டு. சிகரெட்டு வாடையே அவனுக்கு ஆகாது,” என்றார் மாமா. பிறகு வழக்கம்போல நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்பா ரிட்டையரான ஹெட்மாஸ்டர். அதிலும் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஹெட்மாஸ்டர் ஆனவர். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் ஆழ்ந்து யோசிப்பவர்போலத் தலையாட்டினார்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது இருக்கத்தான்வே செய்யும்,” என்றார்.

“நீங்க சொன்னாச் சரிதான் அத்தான்,” என்று மாமா கேசரித் தட்டுக்குக் கையை நீட்டினார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஹாலில் நடக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் கூரியரில் வந்த அட்டைப்பெட்டிகள். பிரிக்காத மிக்ஸிக்கு மேல் இன்னொரு பிரிக்காத மிக்ஸி. ஒரு பெட்டி நிறைய மழைக்கோட்டு, அதுவும் திருநெல்வேலி வெயிலில். அக்கா ஒரு பெட்டியை நகர்த்தி எனக்கு உட்கார இடம் பண்ணினாள்.

“மனுஷன் தங்கமானவருதான். எதையாவது வாங்காம மட்டும் இருக்க முடியலை. வேண்டாம்னு சொன்னா அழுதுருதாக,” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே போனை எடுத்துத் தேடினேன். பொருள் வாங்கிக் குவிக்கிற பித்து என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் போனை நீட்டினேன். அப்பா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

“அதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சா ஏம்ப்பா சம்மதிச்சீங்க?”

“சின்னக் குறைதானேன்னுதான்,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டார். மாமாவிடம் சண்டைக்குப் போகவும் அவருக்கு வழியில்லை. போனால், அர்த்தம் தெரியாமல்தான் தலையாட்டினோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மாமா முடித்துவைத்த கல்யாணம் எது என்று தெரிந்தால் போதும், அந்த வீட்டு ஆட்களிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். வள்ளியூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்கு ட்ரோமோமேனியா என்று சொல்லியிருக்கிறார். கால் போன போக்கில் கிளம்பிவிடுகிற கிறுக்கு. கல்யாண வரவேற்பில் மேடையை விட்டு இறங்கிப் போனவரைத் திருச்செந்தூரில் போய்க் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். கேட்டதற்கு, “நல்ல காத்து அடிச்சுது, நடந்தேன்” என்றாராம். டவுனில் இன்னொரு வீட்டில் மாமியாருக்கு மிசோஃபோனியா. அடுத்தவர் மென்று தின்கிற சத்தம் காதில் விழுந்தால் அந்த அம்மாவுக்கு வெறி பிடித்துவிடும். அது தெரியாமல் பெண் வீட்டார் மறுவீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு, இஞ்சித் துவையல் எல்லாம் வந்தது. கூடவே வர வேண்டிய உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் வரவில்லை. கேட்டவருக்கு, மாமனார் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாராம். அந்த வீட்டில் இன்றுவரை அப்பளம் பொரிப்பது கிடையாது.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், ஒருவர்கூட மாமாவைத் திட்டவில்லை. “அவரு அன்னைக்கே சொல்லத்தான் செஞ்சாரு” என்றே எல்லாரும் சொன்னார்கள். இப்படி ஒரு மனிதர் ஊரையே ஏமாற்றிவிட்டு, ஊர் வாயாலேயே நல்லவர் பட்டமும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அவர் அகப்பட்டார். இலையை விட்டு எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“தமிழ்ல சொன்னா என்ன மாமா? வாய் வெந்தா போயிரும்?”

அவர் கோபப்படவில்லை. அவியலை ஓரமாக ஒதுக்கினார்.

“தமிழ்ல சொன்னா ஒரு கல்யாணமும் நடக்காது தாயி. குறை இல்லாத மனுஷன் எங்கன இருக்கான், காட்டு பாப்போம். அதுக்காகச் சொல்லாம இருந்தா பாவம். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு வழி வேணும்லா? அந்தக் கிரேக்கக்காரன் புண்ணியவான். எல்லாக் குறைக்கும் ஒரு பேரு வச்சிட்டுப் போயிருக்கான். நான் பேரைச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா அர்த்தத்தைச் சொல்லிருவேன். கேக்காதது யாரு குத்தம்?”

“கேக்க மாட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்,” என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புக்கொள்ளல்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எல்லாருக்கும் பேரு வச்சாச்சு. ஒங்களுக்கு என்ன பேரு?”

“எர்கோஃபோபியா. வேலைன்னா பயம். அதனாலதான் ரெப் உத்யோகம் ரொம்ப நாள் நிக்கலை. ஒங்க அத்தையைக் கேட்டுப் போனப்ப அவ அப்பாகிட்ட இதைச் சொல்லித்தான் கட்டினேன். அவரும் தலையாட்டினாரு,” என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கினார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, காலையில் அடுப்பு, பகலில் வகுப்பு, சாயங்காலம் டியூஷன் என்று ஓடி அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். அவளுக்கு இந்த வார்த்தை தெரியுமா என்று கேட்டேன். “அவ கேட்டதில்லையே” என்றார்.

அப்பேர்ப்பட்டவர் எனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தால் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கையில் போனோடு நின்றேன். வார்த்தை விழுந்தவுடன் தேடிப் பார்த்துவிட வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பையன் வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனியில் இன்ஜினியர் என்றார். அப்பா அம்மா இரண்டு பேரும் உண்டு, கூடப்பிறந்த தொல்லை இல்லை என்றார். குடி கிடையாது என்றார். காபியைக் குடித்தார். தோல் பைக்கு ஊக்கைக் குத்தினார். கிளம்பிவிட்டார்.

வார்த்தையே வரவில்லை.

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒன்று சொன்ன மனிதர், இவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய குறையாக இருக்க வேண்டும்? கிரேக்கக்காரனுக்கே பேர் வைக்க வாய் வராத குறையா? அம்மாவிடம் சொன்னதற்கு, “ஏட்டி, குறை சொன்னாலும் குத்தம், சொல்லலைன்னாலும் குத்தமா?” என்றாள். நான் லீவு போட்டுவிட்டு வள்ளியூருக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டுத் தெருவில் இருந்த மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டே விசாரித்தேன். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். நல்ல பையன் என்றார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் மாடியின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டார். கைப்பிடிச் சுவர் பக்கமே வரவில்லை. எதற்கு ஒளிகிறார், கீழே தெருவில் யாராவது தெரிந்த ஆள் நிற்கிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“எனக்கு உயரம்னா பயங்க. இந்த மாடியே எனக்குக் கஷ்டம்தான்,” என்றார்.

“காத்தாலையில வேலைன்னு சொன்னாக?”

“ஏறி வேலை பாக்க வேற ஆட்கள் உண்டு. நான் கீழ கன்ட்ரோல் ரூம்ல இருக்கேன். இதைப் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிடுதேன், நீங்க வேற பேரு எதுவும் வச்சுச் சொல்ல வேண்டாம்னு ஒங்க மாமாகிட்ட சொல்லிட்டேன்.”

வார்த்தை வராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் சின்னக் குறையை இப்படித் தானாகவே முன்னால் தள்ளுகிறவர், பெரிய குறையைப் பின்னால் வைத்திருப்பார் என்பது என் அனுபவம். அவர் கொஞ்சம் தயங்கினார்.

“ஒங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னாரு. பிஸ்டாந்த்ரோஃபோபியா உண்டுன்னாரு. எங்க அப்பா தலையாட்டிட்டாக. எனக்கு வெளங்கலை, அதனால கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“மனுஷங்களை நம்புறதுக்குப் பயம்னு சொன்னாரு.”

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. என் குறையையும் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் அந்த மனிதர். “அதைக் கேட்ட பெறகுமா வந்தீங்க?” என்றேன்.

“நீங்க கேக்கதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டாப் போச்சு. அதுல என்ன இருக்கு,” என்றார் அவர், மாடியின் நடுவிலிருந்து நகராமல்.

மறுநாளே மாமாவைத் தேடிப் போனேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சேலையோடு அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒன்னைப் பத்திப் பொய் சொல்லலையே தாயி,” என்றார்.

“என் கதை கெடக்கட்டும். எல்லாருக்கும் ஒரு குறை உண்டுன்னு சொன்னீங்க. அவருக்கு உயரம் ஒண்ணுதானா?”

“எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வேற எதுவும் இருந்தா நீ கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு. நான் அதுக்குப் பேரு சொல்லுதேன்.”

அந்தச் சவாலில்தான் நான் சம்மதித்தேன். ஆசைப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் துப்புத் துலக்குவதற்காகப் பண்ணிக்கொண்டேன்.

துலக்கிக்கொண்டேதான் இருந்தேன். சட்டைப் பையைப் பார்ப்பேன், போனைப் பார்ப்பேன். ராத்திரி வேலை என்றால் கன்ட்ரோல் ரூமைக் காட்டச் சொல்வேன். அவர் காட்டுவார். பஸ் தாமதம் என்றால் எந்த பஸ், எங்கே நின்றது என்று கேட்பேன். அவர் சொல்வார். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. சலித்துக்கொள்ளாமல் ஒரு ஆம்பிளை எப்படி இருக்க முடியும் என்பது வேறு ஒரு சந்தேகமாகச் சேர்ந்துகொண்டது. அவர் சொன்ன எதையும் இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப் பார்க்காமல் நான் நம்பியது கிடையாது. சில நாள் எனக்கே என்மேல் அலுப்பாக வரும். நிம்மதியாக ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோமா என்று அழுகை முட்டும். மாமா வரும்போதெல்லாம் வாசலிலேயே கேட்பார்.

“என்ன தாயி, ஆம்புட்டுச்சா?”

“இல்ல மாமா.”

“தேடு, தேடு,” என்று சொல்லிக்கொண்டே மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்.

போன மழைக்காலத்தில் மாமா குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானும் வீட்டுக்காரரும் போனோம். மாமா வலது கை செத்துப்போய்ப் படுத்திருந்தார். கண் மட்டும் வருகிறவர் போகிறவர் முகத்தில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் புருஷனைப் பற்றி ஏதாவது மறைத்திருந்தால் இனி அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தோன்றியது. பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். ஊரெல்லாம் வார்த்தை விதைத்த மனிதர், வாயைத் திறந்தால் ‘தா தா’ என்று ஒரு சத்தம்தான் வந்தது.

அத்தை ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எதிர் அறைக்குள் போனார்.

“டாக்டர் என்ன சொல்லுதாரு அத்தை?” என்றேன்.

“அஃபேசியாவாம். தெனமும் வந்து அதைத்தான் சொல்லுதாரு. நான் சரின்னுட்டேன்.” அத்தை குரலைத் தாழ்த்தினாள். “பேச்சு எப்ப வரும் தாயி? ஒனக்குத் தெரியும்லா.”

எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியவில்லை. “ப்ராக்னோசிஸ் பாத்துத்தான் அத்தை சொல்ல முடியும்,” என்று என் வாயில் வந்துவிட்டது. நோய் இனி எப்படிப் போகும் என்பதற்கு அதுவும் ஒரு கிரேக்க வார்த்தை. அத்தை தலையாட்டினாள். அப்பா தலையாட்டிய அதே தலையாட்டல்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அத்தை, டாக்டர்கிட்ட வெவரமாக் கேட்டுட்டேன். மாமாவுக்குப் பழைய மாதிரிப் பேச்சு வராதாம். நாம பேசுறதும் அவுகளுக்குப் பாதிக்கு மேல வெளங்காது. ஆனா முகம் தெரியுது, குரல் தெரியுது. நீங்க பக்கத்துல இருக்கது தெரியுது. கையைப் புடிச்சிக்கிட்டு நிறுத்தி நிறுத்திப் பேசுங்க. அது அவுகளுக்கு நல்லது,” என்றார்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

“என் ஆயுசுல யாரும் எனக்கு எதையும் வெளங்குத மாதிரிச் சொன்னதில்ல மாப்பிள்ள,” என்றாள். எழுந்து போய் மாமாவின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மாமாவின் கண் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“நீ லேப்புல இருக்கவ. மாப்பிள்ளை சொல்லுதது சரிதானா தாயி? எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாரியா?”

டாக்டரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

“கேக்க வேண்டாம் அத்தை,” என்றேன். “இவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்.”